கடின ஈற்று: இறைச்சி மாடுகள்

பசு தன் முக்கலால் மட்டும் கன்றை வெளியே தள்ள முடியாமல், மனிதக் கையோ கருவியோ அறுவையோ தேவைப்படும் நிலை கடின ஈற்று எனப்படும். கறவை மாடு அன்றாடம் ஆள் கைக்குப் பழகியது, கொட்டிலிலேயே ஈனும். வட அமெரிக்காவின் இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் நிலைமை வேறு. பனி விலகாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நூற்றுக்கணக்கான பசுக்கள் சில வாரங்களுக்குள் ஈனும். கவனிக்க இரண்டு மூன்று பேரே இருப்பார்கள். பசுவோ ஆளைக் கண்டால் விலகி ஓடும். அதனால் கையேடுகள் பலவும் சங்கிலி, இழுவைக் கருவி, கையுறை என்று ஈற்று இரவைச் சுற்றியே எழுதப்படுகின்றன. ஆனால் பெரும்பாலான சிக்கல்கள் ஒன்பது மாதங்களுக்கு முன், காளையைத் தேர்ந்த அன்றே முடிவாகிவிடுகின்றன. இரவில் மிஞ்சுவது இழப்பைக் குறைக்கும் வேலை. அதிலும் உடல்வலுவைவிட நேரக் கணக்குக்கே மதிப்பு அதிகம்.

கன்றின் பருமன் தாயின் இடுப்பெலும்பு வாயிலுக்குப் பொருந்தாமைதான் முதன்மைக் காரணம். இரண்டு வயதில் ஈனும் தலையீற்றுக் கிடேரிகளின் உடல் வளர்ந்து முடிந்திருக்காது. முதிர்ந்த பசுக்களைவிட அவற்றில் இந்தச் சிக்கல் பல மடங்கு அதிகம். காளைக் கன்றுகள் கனமாகப் பிறப்பதால் அவற்றின் ஈற்றிலும் கூடுதல். பிறப்பு எடையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு மரபுவழி வருவது. ஒரே காளை ஒரு பருவத்தில் பல கன்றுகளுக்குத் தந்தையாவதால், தேர்வில் நேரும் பிழையும் அத்தனை ஈற்றுகளிலும் வெளிப்படும். 1960களின் இறுதியிலும் 1970களிலும் ஷரோலே, சிமென்டால் போன்ற பெரிய ஐரோப்பிய இனக் காளைகளைச் சிறிய உடற்கட்டுள்ள ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு மாடுகளுடன் சேர்த்தபோது அமெரிக்கப் பண்ணைகள் இதை விலை கொடுத்துக் கற்றன. சிறிய கன்று பிறந்தால் விற்கும்போது எடை குறையும் என்பது வளர்ப்போரின் பழைய மறுப்பு. பிறப்பு எடைக்கும் பின்னாளைய வளர்ச்சிக்கும் மரபுத் தொடர்பு உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது; ஆனால் அந்தத் தொடர்பு இறுக்கமானது அல்ல. நெப்ராஸ்கா மாநிலம் கிளே சென்டரில் உள்ள அமெரிக்க இறைச்சி விலங்கு ஆய்வு மையம் ஏழு மாட்டுக் கூட்டங்களில் எளிய ஈற்றை நோக்கிப் பொறுக்கியபோது, பிறப்பு எடை இறங்கியது, கிடேரிகளின் சிரமம் குறைந்தது, ஓராண்டு எடை மட்டும் குறையவில்லை. முதிர்ந்த பசுக்களுக்குக் கனத்த காளையையே விட்டு, கிடேரிகளுக்கு மட்டும் எளிய ஈற்றுக் காளையைத் தேர்வதும் உண்டு. செத்த கன்றைத் தராசில் ஏற்ற எவரும் வருவதில்லை.

குறுக்குவழி தேடுவோர் தீவனத்தின் பக்கம் திரும்புவார்கள். சினையின் கடைசி மாதங்களில் தீவனத்தை வெட்டினால் கன்று சிறுக்கும் என்பது அவர்கள் கணக்கு. எடை ஓரளவு குறைவது மெய்தான்; சிக்கல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மாறாக, முக்கத் தெம்பில்லாத தாயும் எழுந்து நிற்கத் திணறும் கன்றும் கிடைக்கும். மறுசினைப் பருவமும் தள்ளிப்போகும். கொழுக்க விடுவதும் தவறு: பிறப்புப் பாதையில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். கிடேரியின் இடுப்பெலும்பை முன்கூட்டி அளப்பதால் மிகக் குறுகியவற்றைக் கழிக்கலாம். அகன்ற இடுப்புள்ளவை பெரும்பாலும் பெரிய கன்றையே சுமக்கும் என்பதால் அதற்கு மேல் அந்த அளவு உதவாது.

ஈற்றின் முதல் கட்டத்தில் கருப்பை வாய் திறக்க 2 முதல் 6 மணி நேரம் ஆகும். பனிக்குடம் வெளிப்பட்ட பின் முதிர்ந்த பசுவில் அரை மணி, கிடேரியில் ஒரு மணி நேரத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் கையைக் கழுவி, வழுக்குநீர்மம் தடவி உள்ளே பார்த்தாக வேண்டும். காத்திருப்பதை இயற்கைக்குக் காட்டும் மரியாதையாகச் சிலர் நினைக்கிறார்கள். தாமதத்தால் கன்றுக்கு மூச்சுத்திணறலும் தாய்க்குச் சோர்வுமே மிச்சம். குளம்பின் அடிப்பக்கம் கீழ்நோக்கி, முழங்கால்மேல் தலை கிடந்தால் நேரான நிலை. அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தால் பெரும்பாலும் பின்கால். குதிமூட்டைத் தடவி உறுதிசெய்யலாம். அந்த நிலையில் தொப்புள்கொடி இடுப்பெலும்பில் நசுங்கத் தொடங்கியதும் விரைந்து வெளியே எடுக்க வேண்டும். தலையோ காலோ மடங்கியிருந்தால், முக்கல் ஓய்ந்த இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளி நேராக்கிய பிறகே இழுக்கலாம். சங்கிலியைக் கணுமூட்டுக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக இரு சுற்றுப் போட்டால் எலும்பு முறியும் ஆபத்து குறையும். முக்கலோடு சேர்த்து, ஒரு கால் மாற்றி ஒரு கால் இழுப்பதே முறை. இழுவைக் கருவி ஏறத்தாழ 400 கிலோ விசை தரும். பொருந்தாத கன்றை அதனால் இழுப்பது கன்றையும் தாயின் நரம்புகளையும் சிதைப்பதாகும். இருவர் கையால் இழுத்தும் நெற்றி இடுப்பெலும்புக்குள் நுழையவில்லையா, கால்நடை மருத்துவரின் கத்திக்குத்தான் வேலை. இடுப்பு மாட்டிக்கொண்டால் கன்றைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும்: தாயின் வாயில் அகலத்தைவிட உயரம் மிகுந்தது, கன்றின் இடுப்போ அகலம் மிகுந்தது. இதையெல்லாம் பகலில் செய்வது எளிது. கனடாவின் மானிடோபாவைச் சேர்ந்த வளர்ப்பாளர் கஸ் கோனஃபல் தீவனத்தை நண்பகலுக்குச் சற்று முன்பும் இரவு பத்தை ஒட்டியும் போட்டு, ஏறத்தாழ 80 விழுக்காடு ஈற்றுகளைப் பகலில் பெற்றார்.

அறுவை இருக்கும்போது காளையைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். பெல்ஜியன் புளூ இனம் அந்த வாதத்தை எல்லைவரை கொண்டுபோய்விட்டது. தசைவளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டதே அதன் இரட்டைத் தசைக்குக் காரணம் என்று 1997இல் தெரியவந்தது. அந்த இனத்தின் ஈற்றுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அறுவையால்தான் நடக்கின்றன. மருத்துவர் சில நிமிடங்களில் வந்து சேரும் சிறிய நாட்டில் இது தாங்கும். மொன்டானாவின் மேய்ச்சல் வெளியில் தாங்காது. தாங்குகிறது என்பதாலேயே ஒரு பசுவை ஈற்றுக்கு ஈற்று கிழித்துத் தைப்பது சரியாகிவிடுமா என்ற கேள்வி பெல்ஜியத்திலும் ஓயவில்லை.

பிறந்த கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கம் கைவிட வேண்டியது. வழியும் நீரில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவது, குடலின் பாரம் நுரையீரலை அழுத்தும். நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, மூக்கில் வைக்கோலால் கிளறினால் மூச்சு வரும். இழுபட்ட கன்று தானே எழுந்து மடி தேடச் சுணங்கும் என்பதால், 6 மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனதா என்று பார்ப்பது ஆளின் பொறுப்பு. எல்லாவற்றையும் இயற்கையிடம் விட்டால் சிக்கலுள்ளவை தாமே கழிந்துபோகும் என்ற வாதம், பெரிய கன்றையும் புரண்டு கிடந்த கன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் இறைச்சி மாட்டு மேம்பாட்டுக் கூட்டமைப்பு வகுத்த மதிப்பெண் முறை இவற்றைப் பிரித்தே வைக்கிறது: தானே ஈன்றால் 1, சிறிய உதவி 2, கடும் இழுப்பு 3, அறுவை 4. கன்று கிடந்த நிலை கோணியதால் வந்த சிக்கலுக்கு 5. காளையின் மரபு மதிப்பைக் கணக்கிடும்போது இந்த 5 பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை.