வயிற்றுத் தொற்று வாந்தி, குழந்தைகளில்

ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்கள் குடலைத் தாக்குவதால் சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் வாந்தி. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதே உண்மையான ஆபத்து.

முதல் சிகிச்சை, இவற்றை ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971இல் வங்கதேச அகதிகள் காலராவில் மடிந்தபோது, பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இம்முறையால் பல உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். வாந்தி எடுத்த பின் 10 நிமிடம் பொறுத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் புகட்டலாம். டம்ளரோடு கொடுத்தால், தாகத்தில் மடமடவென்று குடித்த குழந்தை மறுபடி கக்கிவிடும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கரைசலும் தங்காவிட்டால் மருத்துவர் ஒண்டான்செட்ரான் தருவதுண்டு. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்திக்கெனப் பயன்பாட்டுக்கு வந்த மருந்து இது. சிகாகோவில் 215 குழந்தைகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஒரே வேளை மருந்து பெற்றவர்களில் 14 விழுக்காட்டினரே மீண்டும் வாந்தி எடுத்தனர். ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தற்ற போலி மருந்து பெற்றவர்களில் அது 35 விழுக்காடு. அளவு எடையைப் பொறுத்தது. கடையில் தாமாக வாங்கித் தரக் கூடாது.

பச்சை நிற வாந்தி, இரத்தம், குழிவிழுந்த கண்கள், 6 மணி நேரம் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.