ஜல்லி உடைத்த கைகள்

நம்ம மலரில் மாடு வளர்ப்பு, தையல், ஊறுகாய் பற்றி அக்கா தங்கச்சிமார் எழுதியிருப்பீர்கள். நான் கல்லைப் பற்றி எழுதுகிறேன். எங்கம்மா ஜல்லி உடைத்துத்தான் எங்களை வளர்த்தாள்.

அப்போ பாறைக்கு வெடி வைப்பது ஆண்கள். விழுந்த கல்லை வெயிலில் உட்கார்ந்து சுத்தியலால் உடைப்பது பெண்கள். ரோட்டுக்கு ஒன்றரை ஜல்லி, கான்கிரீட்டுக்கு முக்கால் ஜல்லி. சல்லடை கிடையாது, கண்தான் அளவு. பெட்டியில் அளந்தால்தான் கூலி. அந்தப் பெட்டி முதலாளியோடது.

பிறகு கிரஷர் வந்தது. தாடை போல இயங்கும் கிரஷருக்கு 1858-லேயே அமெரிக்காவில் எலி விட்னி பிளேக் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டு இரும்புத் தாடை. ஒன்று அசையாது, மற்றது முன்னும் பின்னும் போய்க் கல்லைக் கடிக்கும். நொறுங்கியது ஆடுகிற சல்லடைகளில் விழும். பெரிசு மேலே நிற்கும், சின்னது கீழே இறங்கும், கடைசியில் தூசு. அம்மா ஒரு நாள் உடைப்பதை அது கொஞ்ச நேரத்தில் உடைத்துவிடும். கைவலி போச்சு, கூலியும் போச்சு.

2010-இல் நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. ஆற்றுக்கு நல்லது. ஆனா வீடு கட்டுவது நிற்குமா? கல்லை அரைத்த எம்-சாண்டுக்குக் கிராக்கி கூடியது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள்; நாலு பேர் பிழைக்கவில்லை. கல்தூசு நுரையீரலில் படிந்தால் வருகிற சிலிக்கோசிஸை முழுசாகக் குணமாக்க மருந்தே இல்லை.

வேறு வழியும் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள் கணக்கையும் பார்த்தார்கள். அதே சுத்தியல், அதே வெயில்தான். ஆனா அளவும் கணக்கும் அவங்க கையில்.

கடன் வாங்கவும் கட்டவும் நமக்குத் தெரியும். உங்க ஊருக்குப் புதுக் குவாரியோ கிரஷரோ வருதுன்னா, குழுவாகக் கிராமசபைக்குப் போய்க் கேளுங்கள்: குத்தகை யார் பேரில்? தூசு பறக்காமல் தண்ணீர் தெளிப்பார்களா? நம்ம பெண்களுக்கு அதில் என்ன பங்கு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.