மூளைக்குச் செல்லும் குருதிவழி

நேற்று மாலைவரை நடமாடிய ஒருவர் இன்று விடியற்காலை ஒரு பக்கம் செயலிழந்து, நாக்குழறிக் கிடக்கிறார். பாரிசவாதம் என்கிறோம். பண்டைக் கிரேக்கர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'அடித்து வீழ்த்துதல்' என்பதாம். அடித்தது யாது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. கபத்தின்மேற் பழி சுமத்தினர்.

கிரேக்க வைத்தியரான கலன் விலங்குகளை அறுத்து ஆராய்ந்து, மூளையின் அடியில் நுண்ணிய நாடிகளாலான அற்புத வலையொன்று உண்டென எழுதிவைத்தார். ஆடுமாடுகளுக்கு அஃது உண்டு, மனிதருக்கு இல்லை. இருந்தும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் இல்லாத வலையைக் கற்றுவந்தனர். (ஏட்டில் உள்ளதைக் கண்ணாற் கண்டதாக எண்ணும் வழக்கம் அவர்களோடு ஒழிந்ததா என்பது வேறு பேச்சு.) 1543ஆம் ஆண்டிலே வெசேலியஸ் அதனை மறுத்தார்.

1628இல் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய பின்னரே வழி திறந்தது. சுவிற்சலாந்தின் ஷாப்ஹவுசன் நகர வைத்தியர் வெப்பர், இந்நோயால் மாண்டோரின் மண்டையைத் திறந்து, மூளையினுள் குருதி பாய்ந்து தேங்கியிருக்கக் கண்டார்; 1658இல் அதனை நூலாக வெளியிட்டார். நாடி அடைபடினும் இந்நோய் வரலாம் என்றும் அவர் கருதினார்.

நேயர்களே, ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் தோமஸ் வில்லிஸ் கண்டதோ இன்னும் வியப்பானது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரைச் சோதித்தபோது, மூளைக்குச் செல்லும் வலக்கழுத்து நாடி மண்டையினுள் ஏறக்குறைய முற்றாக அடைபட்டிருந்தது. ஆயினும் அம்மனிதருக்குப் பாரிசவாதம் வந்ததில்லை! அதே பக்கத்தில் முள்ளந்தண்டு வழியாக ஏறும் நாடி, மறுபக்கத்து நாடியைவிட மும்மடங்கு பருத்திருந்தது. நான்கு நாடிகளும் மூளையின் அடியில் வளையமாக இணைவதால், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது. 1664இல் வெளிவந்த அவரது நூலுக்கு மூளையின் படங்களை வரைந்தவர், பின்னர் இலண்டன் சென் போல் பேராலயத்தைக் கட்டுவித்த கிறிஸ்தோபர் ரென்.

எனினும் வளையம் எல்லோரிடத்தும் முழுமையாக அமைவதில்லை. மெல்ல நேரும் அடைப்பையே அது நன்கு தாங்கும். வளையத்துக்கு அப்பால், கிளைநாடியில் குருதிக்கட்டி திடீரெனச் சிக்கினால், அப்பகுதி சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகிறது.

கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணித்தியாலத்துள் ஏற்றினாற் பயனுண்டு என்பது 1995இல் அமெரிக்க ஆய்வொன்றில் நிறுவப்பட்டது. பின்னர் அவ்வெல்லை நாலரை மணித்தியாலமாக நீண்டது. ஆனால் நாடி வெடித்தவருக்கு அம்மருந்து நஞ்சாகும். ஆதலால் நோயாளியை முதலில் ஸ்கான் கருவிக்குள் கிடத்துகின்றனர். அடைப்பா, கசிவா? வெப்பர் மண்டையைத் திறந்து தேடிய விடையை, அங்கே உயிருள்ளவரிடம் தேடுகின்றனர்.