பாலம் தந்த புகழும் வடம் தந்த வாழ்வும்: ரோப்ளிங் நிறுவன வரலாறு (1841–1974)

ரோப்ளிங் என்ற பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது நியூயார்க்கின் புரூக்ளின் பாலம். தந்தை வரைந்தார், மகன் கட்டினார், மகன் நோயில் விழுந்தபோது மருமகள் எமிலி தாங்கிப் பிடித்தார் என்ற குடும்பக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அதே பெயரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில் இயங்கிய ஆலையின் கதை வேறு. பாலம் என்பது எப்போதாவது வரும் வேலை. ஆலையின் உலை அன்றாடம் எரிந்தது சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் மின்தூக்கிக்கும் போன சாதாரணக் கம்பி வடங்களால். இந்த நிறுவனத்தின் புதுமைகளையும் பாலத்தின் உச்சியில் தேடுவதைவிட முறுக்கு இயந்திரத்தின் அருகில் தேடுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கம்பி வடத்தைக் கண்டுபிடித்தவர் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ரோப்ளிங் அல்லர். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், 1834இல் கிளவுஸ்தால் சுரங்கத்தில் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கு இரும்புக் கம்பிகளைச் சேர்த்து ஒரு புரி. மூன்று புரிகளைச் சேர்த்து ஒரு வடம். சணல் வடம் ஈரத்தில் இற்றுப்போகும். சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் முன்னறிவிப்பின்றி அறுந்து ஆளைக் கொல்லும். கம்பி வடத்திலோ ஓரிரு கம்பிகள் முதலில் அறுந்து வெளியே நீட்டிக்கொண்டு எச்சரிக்கும். இன்றைக்கும் கிரேன் வடங்களைச் சோதிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த நீட்டல்களைத்தான்.

ரோப்ளிங் 1806இல் ஜெர்மனியின் மூல்ஹவுசன் நகரில் பிறந்து, பெர்லினில் பொறியியல் பயின்றவர். 1831இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்ற குடியிருப்பைத் தோழர்களுடன் உருவாக்கினார். விவசாயம் கைகொடுக்காததால் மாநிலக் கால்வாய்ப் பணிகளில் பொறியாளராகச் சேர்ந்தார். அந்த வேலைதான் அவரை அலிகேனி மலையைக் கடக்கும் போர்ட்டேஜ் ரயில்பாதைக்குக் கொண்டுசேர்த்தது. 1834இல் திறக்கப்பட்ட அந்த 36 மைல் பாதையில் பத்துச் சாய்தளங்கள். நீராவி இயந்திரம் சணல் வடத்தால் வண்டிகளை மேலே இழுக்கும். சில கால்வாய்ப் படகுகளும் வண்டிகளில் ஏற்றப்பட்டு மலையேறின. வடங்கள் விரைவில் தேய்ந்தன, அறுந்தால் உயிர்ச்சேதம். ஜெர்மானியப் பத்திரிகையொன்றில் கம்பி வடம் பற்றிப் படித்திருந்த ரோப்ளிங், அதை இங்கே செய்துபார்க்கலாம் என்று முனைந்தார்.

1841இல் சாக்சன்பர்க்கின் திறந்த புல்வெளியே ஆலையானது. அண்டை விவசாயிகள் கூலிக்கு வந்து கையால் முறுக்கினார்கள். இந்த எளிய களத்திலிருந்து பிறந்த 1842ஆம் ஆண்டுக் காப்புரிமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வடத்தின் அடிப்படைச் சிக்கல் கம்பியின் வலிமையில் இல்லை. கம்பிகளுக்கு இடையிலான ஒற்றுமையில் இருக்கிறது. ஒரு கம்பி தளர்வாக இருந்தால் அதன் பங்கையும் சேர்த்து மற்றவை சுமக்கும், ஒவ்வொன்றாக அறும். எனவே ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சம எடைகளைக் கட்டி, கப்பிகள் மேல் தொங்கவிட்டார். எல்லாக் கம்பிகளும் ஒரே இழுவிசையில் உள்ளே போயின. இரண்டாவது சிக்கல் நுட்பமானது: கம்பிகளைச் சுருளாகச் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். சணல் நாருக்கு அது நல்லது, இரும்புக்குக் கேடு. முனைகளில் சுழலும் இணைப்புகளை வைத்து அந்தத் தன்முறுக்கைத் தடுத்தார். பின்னாளில் இந்த நிறுவனம் செய்த பெரிய இயந்திரங்களெல்லாம் இந்த இரண்டு யோசனைகளின் விரிவாக்கம் என்றே நான் கருதுகிறேன்.

சணல் வியாபாரிகள் இதை விரும்பவில்லை. போர்ட்டேஜ் பாதையில் நடந்த முதல் சோதனையின்போது யாரோ வடத்தை இணைப்பு இடத்தில் வெட்டிவிட்டதாகக் குடும்ப நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. வெட்டியவர் யாராயினும், வடம் நிலைபெற்றது. மற்றச் சாய்தளங்களுக்கும் படிப்படியாகப் பரவியது. தோற்ற சணலுக்கு வேறொரு வகையில் வேலை கிடைத்தது: கம்பிப் புரிகளின் நடுவே எண்ணெய் ஊறிய சணல் நாரை வைக்கும் முறை தொழிலில் பரவலானது. அந்த நார் புரிகளைத் தாங்கியது, உள்ளிருந்து எண்ணெய் கசியவிட்டுத் துருவைத் தடுத்தது.

1848–49இல் தொழிற்சாலை டிரென்டனுக்கு இடம்மாறியது. கால்வாயும் ரயிலும் இருந்தன. பீட்டர் கூப்பரின் இரும்பாலை அருகில் இருந்தது. பாலப் பணிகளுக்காக ஜான் ஊர் ஊராக அலைந்தபோது, ஆலையை நடத்தியவர் மேற்பார்வையாளர் சார்லஸ் ஸ்வான். முதலாளி கடிதங்களில் கட்டளையிட, ஸ்வான் அன்றாடம் வடம் செய்து விற்றார். நயாகராவில் 1855இல் ரயில் ஓடிய தொங்கு பாலம் ஜானுக்குப் பெயர் வாங்கித் தந்தது. சிறப்புக் கிடைக்க வேண்டிய இன்னொருவர் ஸ்வான் என்பேன்.

இங்கே ஒரு தொழில்நுட்ப வேறுபாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரிய தொங்கு பாலத்தின் முதன்மை வடம் முறுக்கப்படுவதே இல்லை. ஆயிரக்கணக்கான கம்பிகள் துடைப்பக் குச்சிகளைப்போல ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும். ஆற்றுக்கு மேலே, காற்றிலேயே, ஒவ்வொரு கம்பியாக இழுத்துச் சேர்த்து, அமுக்கி, வெளியே சுற்றுக் கம்பி போடுவார்கள். முறுக்கினால் வளையும் தன்மை கூடும். வலிமையில் ஒரு பகுதி குறையும். கப்பியில் ஓட வேண்டிய வடத்துக்கு வளைவு முக்கியம், அசையாமல் தொங்க வேண்டிய வடத்துக்கு வலிமை முக்கியம். இரண்டையும் ஒரே ஆலை செய்ததே ரோப்ளிங் நிறுவனத்தின் தனித்தன்மை.

1869இல் கால் நசுங்கி ரண ஜன்னி கண்டு ஜான் இறந்தார். 1876இல் மகன்களின் பெயரால் நிறுவனம் முறைப்படி பதிவாயிற்று. புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் மூத்த மகன் வாஷிங்டன். அவருக்கு நிறுவனத்தில் பங்கு இருந்தது பாலத்தின் அறங்காவலர்களிடையே ஆட்சேபத்தைக் கிளப்பியது. கம்பி ஒப்பந்தம் லாயிட் ஹே என்ற புரூக்ளின் உற்பத்தியாளருக்குப் போனது. 1878இல் அவருடைய மோசடி வெளிப்பட்டது. ஆய்வாளர் தேர்வு செய்த நல்ல கம்பிச் சுருள்கள் பாலத்துக்குப் போகும் வழியில் மாற்றப்பட்டு, தள்ளுபடியான கம்பி பாலத்தில் ஏறியது. நல்ல சுருள்களோ மறுபடியும் ஆய்வுக்கே திரும்பின. ஏறிய கம்பியை இறக்க வழியில்லை. வாஷிங்டன் தொடக்கத்திலேயே தேவையைப்போல ஆறு மடங்கு வலிமைக்குக் கணக்குப் போட்டிருந்ததால், ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்து நிலைமையைச் சமாளித்தார். ஒரு வடத்துக்கு 5,434 கம்பிகள் என்ற இறுதிக் கணக்கில் அந்தக் களவின் தடமும் அடங்கியிருக்கிறது. பாலம் 1883 மே 24 அன்று திறக்கப்பட்டது.

ஆலையை வளர்த்தவர்கள் தம்பிகள் இருவர். ஃபெர்டினாண்ட் வியாபாரி, சார்லஸ் இயந்திரக்காரர். தெருவின் அடியில் ஓடும் வடத்தைப் பற்றி இழுபடும் கேபிள் டிராம்கள் அமெரிக்க நகரங்களில் பரவியபோது, மிக நீளமான, நடுவே இணைப்பில்லாத வடம் தேவைப்பட்டது. 80 டன் வடத்தை ஒரே துண்டாக முறுக்கும் இயந்திரத்தை 1893இல் சார்லஸ் நிறுவினார். அதற்குள் மின்சார டிராம் வந்து கேபிள் டிராமை விரட்டத் தொடங்கியிருந்தது. வேறு நிறுவனமாக இருந்தால் அந்த இயந்திரமே கழுத்தில் கல்லாகியிருக்கும். ஆனால் ரோப்ளிங் ஆலை மின்சார டிராமுக்கான செப்புக் கம்பியையும் விற்றது. அடுக்குமாடிகள் உயர உயர மின்தூக்கி வடங்களின் தேவையும் ஏறியது. ஒரு வாடிக்கையாளர் மறையும்போது அடுத்தவர் கையில் இருப்பார். இது தற்செயல் அன்று. கம்பி இழுக்கும் வேலை எல்லாவற்றுக்கும் பொது என்பதை ஃபெர்டினாண்ட் நன்றாகவே அறிந்திருந்தார்.

உருக்குக்கு வெளியாரை நம்ப வேண்டாம் என்று 1905 முதல் டெலவேர் ஆற்றங்கரையில் சொந்த உருக்காலையும் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. அந்த ஊருக்கே ரோப்ளிங் என்று பெயர். ஹங்கேரியிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறுவனத்தின் வீட்டில் குடியிருந்து, நிறுவனத்தின் கடையில் வாங்கி, நிறுவனத்தின் உலையில் வேலை பார்த்தன. தாராளமா கட்டுப்பாடா என்றால் இரண்டும்தான்.

தம்பிகளும் அடுத்த தலைமுறைத் தலைவரும் அடுத்தடுத்து இறந்தபின், 1921இல் 84 வயது வாஷிங்டன் தலைமையேற்றார். ஐம்பதாண்டுகளாக நோயாளி என்று அறியப்பட்டவர், ஆலையை நீராவியிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றினார். 1926இல் அவர் மறைந்தபின் வந்த ஆண்டுகளில் நிறுவனத்தின் பாலப் பணி உச்சம் தொட்டது: 1931இல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், 1937இல் கோல்டன் கேட் பாலம். பின்னதன் ஒவ்வொரு வடத்திலும் 27,572 கம்பிகள்; இரண்டு வடங்களின் கம்பியையும் நீட்டினால் சுமார் 80,000 மைல்.

ஆனாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பம் தொழிலை விட்டு விலகியது. 1952 இறுதியில் கொலராடோ எரிபொருள், இரும்பு நிறுவனத்துக்கு விற்பனை பேசி முடிந்தது. புதிய உரிமையாளரிடம் ஆலைகள் இருபதாண்டுகள் தள்ளாடி, 1974 வாக்கில் டிரென்டனிலும் ரோப்ளிங் ஊரிலும் நின்றன. ஊரிலிருந்த உருக்காலை வளாகம் 1983இல் நச்சுக் கழிவுத் தூய்மைப்படுத்தலுக்கான மத்திய அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலோகக் கசடு கலந்த மண்ணைச் சரிசெய்யும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. ஆலையின் வாயில் கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.