வேலியைத் தாண்டிய இயந்திரக் கை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ட்ரென்டன் அருகே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 1961இல் யூனிமேட் என்ற ரோபோ வேலைக்கு நிறுத்தப்பட்டது. வார்ப்பு அச்சிலிருந்து கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து அடுக்குவது அதன் பணி. அதை உருவாக்கியவர் ஜார்ஜ் டெவோல். அதைத் தொழிலாக வளர்த்த ஜோசப் எங்கல்பெர்கர், சூடும் ஆபத்தும் சலிப்பும் நிறைந்த வேலைகளுக்கே ரோபோ என்று சொல்லி விற்றார்.

ஆனால் தொழிலாளரின் அச்சம் கை சுடுவதோடு முடியவில்லை. 1970 முதல் அதே நிறுவனத்தின் ஒஹையோ மாநில லார்ட்ஸ்டவுன் ஆலையில் வேகா கார்களை ரோபோக்கள் வெல்டிங் செய்தன. மணிக்குச் சுமார் 100 கார்கள் என்ற வேகத்தில் உற்பத்தி வரிசை ஓடியது. ஆட்குறைப்பும் சேர்ந்துகொள்ள, 1972இல் வேலைநிறுத்தம் வெடித்தது. சண்டை ரோபோவோடு அல்ல, அதைச் சாக்கிட்டு மனிதரை விரட்டிய நிர்வாகத்தோடுதான்.

ஜப்பானின் கதை வேறு. 1968இல் யூனிமேட்டைத் தயாரிக்க உரிமம் பெற்ற கவாசாகி நிறுவனம், அடுத்த ஆண்டே அதை உள்நாட்டில் தயாரித்தது. அப்போது அங்கே ஆள் பற்றாக்குறை. பெரிய நிறுவனங்களின் நிரந்தரத் தொழிலாளருக்கு வேலை போகும் பயமும் குறைவு; ஓரிடத்தில் ரோபோ வந்தால், அங்கிருந்தவர் பயிற்சி பெற்று வேறு பிரிவுக்குப் போனார். சில ஆலைகளில் ரோபோவுக்குப் பாடகி மொமோயே யமாகுச்சியின் பெயரைச் சூட்டினார்கள். இந்தச் செல்லத்தை ஜப்பானியப் பண்பாட்டின் விளைவு என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. 1983இல் நிசான் நிறுவனம், புதிய தொழில்நுட்பத்தால் யாரையும் பணிநீக்கம் செய்வதில்லை எனத் தொழிற்சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. வேலை நிலைக்கும் என்ற உறுதி இருந்த இடத்தில் பாசம் வளர்ந்தது.

உடலுக்கான பயம் இரு நாடுகளுக்கும் பொது. 1979 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் ஃபிளாட் ராக் நகர ஃபோர்டு வார்ப்பாலையில், அடுக்கில் பாகம் எடுக்க ஏறிய தொழிலாளி ரோபோ தாக்கி இறந்தார். 1981இல் அகாஷியின் கவாசாகி ஆலையிலும், ரோபோவைப் பழுதுபார்க்கப் போனவர் அதன் கையில் சிக்கி இறந்தார். பல்லாண்டுகளாக இதற்கு விடையாக இருந்தது ரோபோவைச் சுற்றிய வேலிதான்: அதன் கதவு திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். அந்தக் கால ரோபோவுக்குத் தன் பக்கத்தில் ஆள் இருப்பது தெரியாது.

வேலியை எடுக்க முதலில் வழி தேடியவர்களில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு கோல்கேட்டும் மைக்கேல் பெஷ்கினும் முக்கியமானவர்கள். 1990களில் அவர்கள் வடிவமைத்த கருவி தானாக நகராது. ஆள் தள்ளினால் போக வேண்டிய பாதையை மட்டும் அது கட்டுப்படுத்தும். 2005இல் டென்மார்க்கின் ஓடென்சேயில் தொடங்கிய யுனிவர்சல் ரோபாட்ஸ், எதிலாவது மோதினால் நின்றுவிடும் சிறிய இயந்திரக் கையைச் செய்து 2008இல் விற்கத் தொடங்கியது. ராட்னி புரூக்ஸின் ரீதிங்க் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த பாக்ஸ்டரின் திரையில் இரு கண்கள் இருந்தன; கை எங்கே போகப்போகிறதோ அங்கே கண்கள் முன்னதாகத் திரும்பும். அடுத்த அசைவு என்ன என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்தது. யோசனை அருமையானது, ஆனால் போதிய விற்பனை இல்லாமல் நிறுவனம் 2018இல் மூடப்பட்டது.

2016இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற ரோபோ பாதுகாப்பு ஆவணம், மனித உடலின் 29 இடங்கள் எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்பதை அளவிட்டுத் தந்தது. முகத்தில் ரோபோ மோதவே கூடாது என்கிறது. வேலை பறிபோகுமா என்ற கேள்வி அந்த ஆவணத்தின் எல்லைக்குள் வராது; அதற்கான பதில் இன்றும் தொழிற்சங்க ஒப்பந்தங்களில்தான் எழுதப்படுகிறது.