பணியிடப் பாதுகாப்பில் நிர்வாகத் தலைமை

பணியிடப் பாதுகாப்பில் நிர்வாகத் தலைமை என்பது, தொழிலாளரின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் உரிமையாளர், இயக்குநர், மேலாளர் ஆகியோர் நேரடியாக ஏற்கும் பொறுப்பு. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான பணியிடத்தை வேலையின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

சட்ட அடிப்படை

1984ஆம் ஆண்டின் போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987இல் திருத்தப்பட்டது. ஆலை ஒரு கம்பெனிக்குச் சொந்தமானால் இயக்குநர்களில் ஒருவரே பொறுப்பாளி என்பது உறுதியாயிற்று. அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளில் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. சுரங்கங்களில் உரிமையாளருக்கும் மேலாளருக்கும் இதுபோன்ற பொறுப்பை 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் விதித்தது. இவை உள்ளிட்ட 13 சட்டங்களை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஒன்றிணைத்தது.

அலுமினியத் தொழிலின் முன்மாதிரி

அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைவராக 1987இல் பொறுப்பேற்ற பால் ஓநீல், லாபத்துக்கு முன் தொழிலாளர் பாதுகாப்பையே முதல் இலக்காக அறிவித்தார். விபத்து நேர்ந்தால் மேல்மட்டத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று விதித்தார். அவர் காலத்தில் காயங்களால் இழந்த வேலைநாட்கள் வெகுவாகக் குறைந்தன; நிறுவனத்தின் லாபமும் பெருகியது.

கொல்லிமலை வட்டாரம்

தமிழ்நாட்டிலும் அலுமினியத் தொழில் இருந்தது: அதன் மூலப்பொருளான பாக்சைட் தாது கொல்லிமலையிலிருந்து மேட்டூர் மால்கோ ஆலைக்குச் சென்றது. அந்தச் சுரங்கப்பணி இன்று இல்லை. மலையடிவாரப் பேரூராட்சியான காளப்பநாயக்கன்பட்டியைச் சுற்றிய நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளியை நம்பிய சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள், கோழிப்பண்ணைகள், லாரித் தொழில் ஆகியவை வேலை தருகின்றன. சேகோ ஆலையில் அரைவை இயந்திரத்தின் பெல்ட், வழுக்கும் ஈரத்தரை, வறுக்கும் அடுப்பின் வெப்பம், கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் நச்சுவாயு ஆகியவை முக்கிய அபாயங்கள். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் ஏறும் லாரிக்கு எவ்வளவு பாரம், பிரேக் எப்போது சோதனை, டிரைவருக்கு எவ்வளவு ஓய்வு என்பவை முதலாளியின் முடிவுகள்.

பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் கடமை, புதிய சட்டத் தொகுப்பின்படி, பொதுவாக 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கும், அபாயத் தொழிலானால் 250 பேரோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்கும் உரியது. எனவே சிறு ஆலையில் அந்த அலுவலரின் வேலையையும் உரிமையாளரே பார்க்க வேண்டும். பெல்ட்டுக்கு மூடி போடுவதும், வாயுவைச் சோதிக்காமல் தொட்டியில் ஆள் இறக்க மறுப்பதும் அவர் செய்தாலே நடக்கும்.

தண்டனை

இதே சட்டத் தொகுப்பின்படி, கடமை மீறலால் தொழிலாளி இறந்தால், பொறுப்பாளிக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.