தண்டனைக்குப் பின்: விளையாட்டாளர் குற்றமும் கழகங்களின் கடமையும்



1994ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலம் விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. சிங்கப்பூர் அணி பகாங் அணியை 4-0 என வென்று, 1980க்குப் பின் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. நான்கு கோல்களில் மூன்றைப் போட்டவர் ஆஸ்திரேலியரான அப்பாஸ் சாட். அன்று அவர் பெயரை உச்சரிக்காத சிங்கப்பூர்ச் சிறுவர் இல்லை எனலாம். அடுத்த ஆண்டே அவர் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நின்றார். ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே பேசிவைக்கும் சதியில் பங்கு கொண்டதாகக் குற்றம் உறுதியாயிற்று. 50,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. காற்பந்தாட்டத் தடையும் தொடர்ந்தது.

இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் சொன்னால், மாணவர் ஒருவர் உறுதியாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: "அப்படியானால், அவர் போட்ட கோல்களுக்காக நாம் மகிழ்ந்தது தவறா?" இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற ஆட்டக்காரரைக் கழகம் என்ன செய்ய வேண்டும்? அவரை ஆராதித்த இரசிகர் என்ன செய்ய வேண்டும்? தண்டனை முடிந்த பின் கதவு திறக்க வேண்டுமா, அடைபட்டே கிடக்க வேண்டுமா? இக்கேள்விகளுக்கு வரலாறு தரும் விடைகளையே இவ்வுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஷெஃபீல்டு நகரின் மூவர்

முதலில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குச் செல்வோம். 1962ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகம் இப்ஸ்விச் கழகத்திடம் 2-0 எனத் தோற்றது. அந்தத் தோல்வியின்மீது வென்ஸ்டே ஆட்டக்காரர் மூவரே பந்தயம் கட்டியிருந்தனர் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. பீட்டர் சுவான், டோனி கே, டேவிட் லேன் என்பது அவர்கள் பெயர். சுவான் இங்கிலாந்து அணிக்காக 19 முறை ஆடியவர். இதில் ஒரு விந்தையும் உண்டு. அவ்வாட்டத்தில் மிகச் சிறப்பாக ஆடியவர் டோனி கே என்று 'தி பீப்பிள்' செய்தித்தாள் பாராட்டியிருந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின், 1964இல், அவர்களின் குற்றத்தை வெளிக்கொணர்ந்ததும் அதே செய்தித்தாள்தான்.

1965 ஜனவரியில் நாட்டிங்காம் நீதிமன்றம் மூவருக்கும் நான்கு மாதச் சிறை விதித்தது. இச்சூழ்ச்சிக்குத் தலைமை தாங்கிய முன்னாள் ஆட்டக்காரர் ஜிம்மி கால்டு நான்கு ஆண்டுச் சிறை பெற்றார். அரசின் தண்டனை சில மாதங்களில் முடிந்தது. காற்பந்துச் சங்கம் விதித்த தண்டனையோ வாழ்நாள் தடை. கே அதற்குள் எவர்ட்டன் கழகத்திற்கு மாறி, 1963இல் இங்கிலாந்தின் வாகையர் பட்டம் வென்ற அணியில் ஒருவராயிருந்தார். அவருடைய ஆட்ட வாழ்வு அத்துடன் முடிந்தது.

1972இல் அத்தடை நீக்கப்பட்டது. சுவான் தம் பழைய கழகத்திற்கே திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. இளமையில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏழு ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலவில்லை. எனினும், வென்ஸ்டே இரசிகர்கள் அவரை மீண்டும் தம் அணியின் உடையில் கண்டனர். பின்னர் மேட்லாக் டவுன் என்னும் சிறு கழகத்தின் பயிற்றுநராக அவர் 1975இல் அக்கழகத்திற்குக் கிண்ணம் ஒன்றையும் பெற்றுத் தந்தார்.

அந்தத் திரும்புதல் எவ்வாறு இயன்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் செய்த குற்றம் எது, அதன் அளவு யாது, அதற்கு அவர் பட்டது என்ன என்பவை யாவும் திறந்த நீதிமன்றத்தில் வெளிப்பட்டிருந்தன. மறைபொருள் ஏதும் எஞ்சவில்லை. ஆகவே அவரை ஏற்க விரும்பியவர் தெரிந்தே ஏற்றனர். மறுக்க விரும்பியவரும் தெரிந்தே மறுத்தனர்.

நம் வட்டாரத்தின் இரு வழிகள்

இனி நம் வட்டாரத்திற்குத் திரும்புவோம். 1994, 1995ஆம் ஆண்டுகளில் மலேசியக் காற்பந்துலகை உலுக்கிய ஊழலில் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நோயைக் கண்டன. ஆனால் இரு வேறு மருத்துவங்களை மேற்கொண்டன.

சிங்கப்பூரில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வழக்குகளை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றது. செக் நாட்டு ஆட்டக்காரர் மைக்கல் வானா பிணையில் வெளிவந்து நாட்டைவிட்டே தப்பினார். அப்பாஸ் சாட் நாட்டிலிருந்து விசாரணையை எதிர்கொண்டார். சான்றுகள் அவையில் வைக்கப்பட்டன, எதிர்வாதம் கேட்கப்பட்டது, தீர்ப்பு நாளிதழ்களில் வெளிவந்தது.

மலேசியாவில் நோய் இன்னும் பரந்திருந்தது. 126 ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் பணிநீக்கம் பெற்றனர். அவர்களுள் சிலர், குண்டர் கும்பல்களை ஒடுக்குவதற்குப் பயன்பட்ட கட்டுப்பாட்டு வசிப்பிடச் சட்டத்தின் கீழ், சொந்த ஊரைவிட்டு வேறு மாவட்டங்களில் தங்குமாறு ஆணையிடப்பட்டனர். அச்சட்டத்தின் கீழ் திறந்த நீதிமன்ற விசாரணை தேவையில்லை. நிருவாக ஆணையே போதுமானது.

விரைவு வேண்டிய நேரத்தில் அதிகாரிகள் விரைவான வழியை நாடியதன் காரணம் நமக்கு விளங்காமல் இல்லை. சூதாட்டக் கும்பல்களுக்கு எதிராகச் சான்று கூற எவரும் எளிதில் முன்வரார். ஆயினும் அவ்வழியின் விலையைக் காற்பந்தே செலுத்தியது. எந்த ஆட்டம் விலைபோனது, எது நேர்மையாக ஆடப்பட்டது என்று மக்களுக்குத் தெரியவில்லை. குற்றம் செய்தவர் யார், ஐயத்திற்கு மட்டும் ஆளானவர் யார் என்பதும் தெரியவில்லை. தனி மனிதர் சிலர்மீது இருக்க வேண்டிய ஐயம் ஆட்டத்தின்மீதே படிந்தது. அரங்குகள் காலியாகத் தொடங்கின. குற்றமற்ற இளைஞர் பலரும் அந்நிழலிலேயே ஆட நேர்ந்தது.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வாராதிராது. கோவலன்மீது சாட்டப்பட்டது திருட்டு. பாண்டியன் செய்த பிழை ஆராயாமை. மதுரை எரிந்தது திருட்டினால் அன்று, ஆராயாத தண்டனையினால்தான். ஆராய்ந்து வழங்கிய தண்டனை கடுமையானதாயினும் ஊரைக் காக்கும். ஆராயாத தண்டனை குற்றவாளிமீதே விழுந்தாலும், அது நீதிதான் என்று ஊர் நம்ப வழியில்லை.

சிங்கப்பூரின் வழி குறையற்றது என்று நாம் கூறவில்லை. 1994உடன் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்தே விலகியது. 1996இல் எஸ் லீக் என்னும் தனிப் போட்டியைத் தொடங்கியது. பின்னாளிலும் ஆட்டச் சூது வழக்குகள் எழவே செய்தன. எனினும், அப்பாஸ் சாட் செய்தது யாது, பெற்றது யாது என்பதை அந்நாட்டு இரசிகர் அறிவர். பிற்காலத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் மீண்டும் ஆடினார். 1994 அணியை நினைவுகூர்வோர் அவர் பெயரை மறைப்பதில்லை. அவர் பெற்ற தண்டனையையும் மறைப்பதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. ஒரு சமூகத்தின் முதிர்ச்சிக்கு இது சிறிய அடையாளம் அன்று.

அதே நகரம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்

இதுவரை நாம் கண்டவை ஆட்டத்திற்கு எதிரான குற்றங்கள். மனிதருக்கு எதிரான குற்றமாயின் நிலைமை மாறுகிறது. இதற்கும் ஷெஃபீல்டு நகரே சான்று தருகிறது. கழகம் மட்டும் வேறு. ஷெஃபீல்டு யுனைட்டெட் கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர் செட் எவன்ஸ் 2012இல் பாலியல் வன்முறை வழக்கில் ஐந்தாண்டுச் சிறை பெற்றார். 2014 அக்டோபரில் விடுதலையானார். அடுத்த மாதம், பழைய கழகத்தில் பயிற்சி பெற அவருக்கு அனுமதி கிடைத்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டனர். கழகத்தின் மதிப்புறு காப்பாளர் சிலர் விலகினர். அந்நகரின் ஒலிம்பிக் வீராங்கனை ஜெசிக்கா என்னிஸ்-ஹில், அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்தால் அரங்கின் பார்வையாளர் பகுதிக்குச் சூட்டப்பட்ட தம் பெயரை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார். சில நாள்களில் கழகம் அனுமதியைத் திரும்பப் பெற்றது.

இவ்வழக்கு அங்கே முடியவில்லை. 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அக்டோபரில் மறுவிசாரணையில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். சட்டத்தின் முன் இன்று அவர் குற்றவாளி அல்லர்.

அங்ஙனமாயின் 2014இல் எதிர்த்தவர்கள் தவறிழைத்தனரா? அன்று செல்லுபடியாகும் தீர்ப்பொன்று இருந்தது. அதை மதித்தே அவர்கள் பேசினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கழகத்தின் தடுமாற்றமே நமக்குப் பாடமாகிறது. அது முதலில் கதவைத் திறந்தது. கூக்குரல் எழுந்ததும் மூடியது. கொள்கை ஏதும் முன்கூட்டி வகுத்திருந்ததாகத் தோன்றவில்லை. மேல்முறையீடு முடியும்வரை என்ன நிலை, தண்டனைக் காலம் முடிந்தபின் என்ன நிலை என்பனவற்றை அமைதியான காலத்திலேயே எழுதி வைத்திருக்கும் கழகம், புயலடிக்கும்போது கூட்டத்தின் குரலை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

இரசிகர்க்குரிய பாடம் இதனினும் கடுமையானது. வழக்கில் முறையிட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் இணையத்தில் அப்பெயரை வெளியிட்டதற்காக 2012இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். கருத்துக் கூறிய என்னிஸ்-ஹில்லுக்கும் இணையத்தில் மிரட்டல்கள் வந்தன. தம் ஆட்டக்காரர் குற்றமற்றவர் என நம்பும் உரிமை இரசிகர்க்கு உண்டு. முறையிட்டவரை வேட்டையாடும் உரிமை எவர்க்கும் இல்லை. பின்னாளில் தீர்ப்பு மாறியதும் அந்த வேட்டையை நியாயமாக்கிவிடவில்லை.

படிப்படியாகத் திறந்த கதவு

இறுதியாக ஒரு கிரிக்கெட் சான்று. 2010 ஆகஸ்டில் இலண்டன் லார்ட்ஸ் அரங்கில், பாகிஸ்தான் பந்துவீச்சாளர் இருவர் பணத்திற்காக வேண்டுமென்றே 'நோ-பால்' வீசினர். அவர்களுள் முகமது ஆமிருக்கு வயது 18. அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. 2011 நவம்பரில் இலண்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த அவருக்கு ஆறு மாதக் காவல் தண்டனை கிடைத்தது.

அவரது திரும்புதல் படிப்படியாக நிகழ்ந்தது. 2015இல் முதலில் உள்நாட்டு ஆட்டங்களில் ஆட அனுமதி. பின்னரே அனைத்துலக ஆட்டம். அவரைப் பயிற்சி முகாமிற்கு அழைத்தபோது, மூத்த ஆட்டக்காரர்களான முகமது ஹபீசும் அசார் அலியும் அம்முகாமில் கலந்துகொள்ள முதலில் மறுத்தனர். தம் உழைப்பை விலை பேசியவருடன் ஒரே உடைமாற்று அறையில் நிற்பது எளிதன்று. அவர்களின் மறுப்பு வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் அவர்கள் இணங்கினர். 2016 ஜூலையில் ஆமிர் அதே லார்ட்ஸ் அரங்கில் மீண்டும் பந்து வீசினார். 2017இல் சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவின் முதல் மூன்று மட்டையாளர்களையும் வீழ்த்தினார்.

அவ்வெற்றி அவருடைய குற்றத்தைக் கழுவிவிட்டது என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கலாகாது. திறமை மிக்கவர்க்குக் கதவு எளிதில் திறக்கிறது; திறமை குறைந்தவர்க்குத் திறப்பதில்லை. இது நீதியன்று. எந்த விதி முன்னணி ஆட்டக்காரர்க்கோ, அதுவே மாற்று ஆட்டக்காரர்க்கும் விதியாதல் வேண்டும்.

முடிவாக

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது: உண்மை வெளிப்பட்ட இடத்தில்தான் கண்டிப்பும் மன்னிப்பும் பொருள் பெறுகின்றன. தண்டனையை முடித்துவைப்பது நீதிமன்றம். நம்பிக்கையைத் திரும்பத் தருவது நீதிமன்றத்தின் வேலையன்று. அது கழகத்திற்கும் இரசிகர்க்கும் உரியது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தலும் தவறு, என்றென்றும் மறுத்தலும் தவறு.

திருக்குறள் அரசியலில் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரம், செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், கண்ணோட்டத்திற்கு ஓர் அதிகாரம் என மூன்றும் தனித்தனியே அமைந்துள்ளன. ஆராய்தல், நீதி வழங்கல், இரங்குதல் ஆகிய மூன்றும் வேறு வேறு கடமைகள். ஒன்றைச் செய்துவிட்டதனால் மற்றொன்றிலிருந்து விடுபட்டுவிட முடியாது. கழகங்கள் ஆராயட்டும், தம் விதிகளை முன்னரே எழுதட்டும், பாதிக்கப்பட்டோரின் குரலை முதலில் கேட்கட்டும், அதன்பின் திரும்பி வருவோர்க்குப் படிகளை அமைக்கட்டும்.

தொடக்கத்தில் நாம் குறித்த மாணவரின் கேள்விக்கு வருவோம். அந்த மூன்று கோல்களுக்காக அன்று மகிழ்ந்தது தவறன்று; அன்று நாம் அறிந்தது அவ்வளவே. இன்று அந்தக் கோல்களைப் பற்றிப் பேசும்போது, அடுத்த ஆண்டின் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிவை நம் வகுப்பறைகள் மாணவர்க்கு அளிக்குமாயின், நாளைய இரசிகர்களும் நாளைய கழகப் பொறுப்பாளர்களும் அத்துணிவோடு வளர்வர்.